டெலிபோனம்மாவின் கண்ணாடி மேசை

"எடுத்த எடத்துல வெச்சுப்போடு கண்ணு."

எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த அந்த அம்மாவை நினைத்தால் முதலில் காதில் விழுவது இதுதான். அதட்டலாகச் சொல்லமாட்டார். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து "லைன்ல இருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பதமான குரல் அது. அந்தக் குரலில் ஒன்றைச் சொன்னால் எதிர்த்துப் பேச வாய் வராது. தெருவில் எல்லோரும் அவரை டெலிபோனம்மா என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

அவருக்குக் கண் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே ஒன்றரை வருஷம் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று தொழிலில் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். கடைசியில் அதை ஊரறியக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பினேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான கையோடு, புலியகுளத்தில் அவர் வீட்டின் பின்பக்கத்தில் குடியேறினோம். முன்பக்கம் இரண்டு அறையும் சமையல்கட்டும் அவருக்கு. பின்னால் ஓர் அறையும் தாழ்வாரமும் எங்களுக்கு. தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும் பொது. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். எக்ஸ்சேஞ்சில் மிஷின் வந்து ஆட்களுக்கு வேலையில்லாமல் போனபோது, வயது இருக்கும்போதே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். நெருங்கிய உறவென்று ஈரோட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த தம்பி ஒருவர்தான்.

குடிவந்த மூன்றாம் நாளே என் மனைவிக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. இவள் தண்ணீர் மொண்டுவிட்டுச் செம்பைத் தொட்டியின் இந்தப் பக்கம் வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் அவர் வந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அம்மணி, செம்பு அக்கட்டத் திட்டு மேல இருந்துச்சே."

"இங்க இருந்தா என்னங்க்கா? கைக்கு எட்டற தூரந்தானுங்க."

"உனக்கு எட்டும் கண்ணு. எடுத்த எடத்துல வெச்சுப்போடு."

இவள் உள்ளே வந்து என்னிடம் பொருமினாள். "செம்பு ஒரு ஜாண் தள்ளி இருந்தா குடி முழுகிப் போயிருமாக்கும்."

"தனியா இருந்து இருந்து அப்படி ஆயிட்டாங்க. உடு" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

செம்போடு நிற்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினால் சுவரை ஒட்டிக் கழற்ற வேண்டும். கொடியில் சேலை காயப்போட்டால் நடைபாதைக்கு மேலே தொங்கக்கூடாது. முன்னறையில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தவர்கள் போகும்போது பழையபடி சுவரோடு தள்ளிவிட்டுப் போக வேண்டும். அவர் வீட்டில் தீப்பெட்டி அடுப்புக்கு வலப்பக்கம், உப்பு ஜாடிக்கு முன்னால், அதற்கு மேல் ஒரு விரற்கடை நகராது. இதெல்லாம் சுத்தத்தின் மேல் உள்ள வெறி என்று நினைத்தோம். நானும் கருவிகளை அடுக்கி வைக்கிற ஆள்தான் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதைகூட உண்டானது.

தெருவில் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்பார்கள். எதிரே வந்து சிரித்தால் திரும்பச் சிரிக்கமாட்டார். "ஏனுங்க, சர்ச்சுக்குங்களா?" என்று வாய் திறந்து கேட்டால் மட்டும் நின்று, கேட்டவர் பெயரைச் சொல்லி, வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை வெயில் இருக்கிறதோ இல்லையோ கையில் ஆம்பளைக் குடை ஒன்று இருக்கும். விரித்து யாரும் பார்த்ததில்லை. அதன் நுனி காம்பவுண்டுச் சுவர்களில் டொக் டொக்கென்று பட்டுக்கொண்டே போகும். அதையும் ஒரு மிடுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

காலையில் பேப்பர் வந்தால் என் மனைவியைக் கூப்பிடுவார். "உன்ற கொரல் நல்லா இருக்குது அம்மணி, படி கேக்கலாம்." இவளுக்கு அதில் ஒரே பெருமை. செம்புச் சண்டையெல்லாம் பறந்துபோய், தினம் பத்து மணிக்கு முன்னறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். இரங்கல் விளம்பரம் வரைக்கும் படிக்க வேண்டும். படிக்கிறபோது இவள் எழுத்து விட்டுவிட்டால் அவர் திருத்துவார். நல்ல தமிழ் அவருக்கு. எனக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தால் அவரே தைத்துக் கொடுப்பார். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது மட்டும் என் மனைவி.

எக்ஸ்சேஞ்சுக் கதை சொல்ல ஆரம்பித்தால் அவர் முகமே மாறிவிடும். எதிரே பலகை நிறையத் துளைகள், மடியில் கயிறு கயிறாக ஒயர்கள். எந்தத் துளை எந்த ஊர் என்று பார்க்கவே மாட்டாராம். "தாராபுரம் கேட்டா கை தாராபுரத்துக்குப் போகும் கண்ணு. கண்ணு எதுக்கு? சூப்பர்வைசர் எங்களக் கண்ண மூடிட்டுச் செய்யச் சொல்லிப் பந்தயம் கட்டுவாரு." சொல்லும்போது அவருடைய வலதுகை காற்றில் அங்கங்கே குத்திக் காட்டும். எனக்குத் தொழில் தெரிந்த கைகளைப் பார்த்தால் பிடிக்கும். இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே அந்தக் கதையைச் சொல்லவைத்துக் கேட்டிருக்கிறேன்.

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

அவருடைய அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பலேறும்போது துரைசாணியின் கண்ணாடி மேசையை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஈட்டி மரம். நாலு ஆள் தூக்க வேண்டிய கனம். இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு இழுப்பறைகள், நடுவில் கால் விட்டு உட்கார இடம், மேலே கடைசல் பிடித்த இரண்டு தூண்களுக்கு நடுவில் சாய்த்து நிமிர்த்தக்கூடிய பெரிய கண்ணாடி. ஐம்பது வருஷத்து எண்ணெயும் புகையும் ஏறி மரம் அடுப்புக்கரியாக இருந்தது. கண்ணாடியில் பாதி ரசம் போய்ப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு இழுப்பறைக்குக் குமிழ் போய்விட்டிருந்தது, அந்த இடத்தில் ஒரு நூல்கட்டையை ஆணியடித்து வைத்திருந்தார்கள்.

அவருடைய உலகமே அதில்தான். மாத்திரை, சொட்டு மருந்து, பென்ஷன் தாள்கள், சேலைக்குக் குத்தும் ஊசிகள், பைபிள், வீட்டுச் சாவி. அதைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டார். யாராவது வந்தால் அதன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து தலையைச் சரிசெய்தபடி கண்ணாடியைப் பார்த்தே பேசுவார். "வா கண்ணு, இன்னிக்கு வெள்ளென வந்துட்டயா?" என்பார். பின்னால் நிற்கிற நான் கண்ணாடியில் அவருக்குத் தெரிகிறேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடிக்கே பதில் சொல்வேன். வாசலில் நான் கழற்றும் பூட்ஸ் சத்தமே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும். என் தொழில் அப்படி. கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிறவன் நான். பம்பு உறை, மோட்டார் மூடி எதுவானாலும் முதலில் மரத்தில் செய்ய வேண்டும். அதை மண்ணில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் ஒரு கீறல் இருந்தால் வருகிற இரும்பு அத்தனையிலும் அந்தக் கீறல் வரும். ஆகவே கீறலோ வெட்டோ கண்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, அரக்கு அடித்து, விரலை ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. பத்து வருஷம் அதையே செய்தால் புத்தியும் அப்படியே ஆகிவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் படியில் டெலிபோனம்மா தடுக்கி விழுந்து மணிக்கட்டுப் பிசகிவிட்டது. யாரோ ஈரோட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். தம்பி மறுநாளே வந்தார். நல்ல மனுஷர். அக்கா என்றால் உயிர். முன்னறையில் அவர்கள் பேசியது தாழ்வாரத்தில் இருந்த எனக்கும் என் மனைவிக்கும் கேட்டது.

"போதும்க்கா. ஈரோட்டுக்கு வந்துருங்க. ஊட்டப் பூட்டிப் போடலாம், இல்லாட்டி வித்துப் போடலாம்."

"நான் வரலை தம்பி. இது நான் கட்டுன ஊடு. செத்தாலும் இதுலதான்."

"தனியா இருக்கீங்க. ராத்திரி ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்கறது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. என்ற ஊட்டுல எனக்கு எல்லாம் தெரியும்."

தம்பி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது கேட்டது. பிறகு, "சரிங்க்கா. அடுத்த தடவை வந்து ரெண்டு நாள் தங்கறேன். நீங்க சமாளிச்சுக்கறீங்கன்னு எனக்குப் பட்டுதுன்னா அதுக்கப்பறம் இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன். இல்லீன்னா பொட்டியக் கட்டிப்போடோணும்" என்றார்.

"செரி" என்றார் டெலிபோனம்மா.

அந்தத் தடவை சீக்கிரமே வந்தது. தாராபுரத்தில் அவர்களுடைய சித்தி ஒருவர் இறந்துபோனார். தம்பி வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்களோடு நாலைந்து நாள் இருந்துவிட்டு, தம்பியோடு திரும்பி வருவதாகவும், அவர் இரண்டு நாள் இங்கே தங்குவதாகவும் ஏற்பாடு. கிளம்பும்போது டெலிபோனம்மா சாவியை என் கையில் கொடுத்தார்.

"செடிக்குத் தண்ணி ஊத்து கண்ணு. மத்தது எதையும் தொடவேண்டாம்."

"செரிங்கம்மா."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அன்று சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு முன்னறையைத் திறந்து பார்த்தபோது எனக்கு வேறு யோசனை ஓடியது. தம்பி வந்து பார்ப்பார். சுவரெல்லாம் புகை, மேசை கரிக்கட்டை, கண்ணாடி சொறி பிடித்தது. பார்க்கிறவனுக்கு இங்கே ஒரு வயசான பொம்பிளை முடியாமல் கிடக்கிறாள் என்றுதானே படும்? வீடு பளிச்சென்று இருந்தால்? அந்த மேசை துரை வீட்டில் இருந்த மாதிரி மினுங்கினால்? தம்பி வாயடைத்துப்போவார். அந்த அம்மாவும் சந்தோஷப்படுவார். எனக்குக் கம்பெனியில் நாலு நாள் லீவு பாக்கி இருந்தது.

என் மனைவி ஒரு தடவை சொன்னாள். "தொடவேண்டாம்னாங்களே. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாமுல்லங்க?"

"கேட்டா வேண்டாம்பாங்க. வந்து பாக்கட்டும். அப்பறம் பாரு மொகத்த" என்றேன்.

நாலு நாளும் நான் வேறு உலகத்தில் இருந்தேன். பொய் சொல்லக்கூடாது, என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷமாக வேலை செய்தது குறைவு. இழுப்பறைகளை உருவி, உள்ளே இருந்ததையெல்லாம் என் மனைவி ஒரு துணியில் கொட்டி வைத்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பழைய பாலிஷை ஊறவைத்து, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். கரிக்குள்ளிருந்து செங்கறுப்பாக, ஓடை ஓடையாக ஈட்டியின் ரேகை வெளியே வந்தது. அப்போதெல்லாம் பழைய மேசை என்றால் மேலே சன்மைக்கா ஒட்டிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். குமிழ்களையும் அந்த அசிங்கமான நூல்கட்டையையும் கழற்றி எறிந்துவிட்டு, ஆறுக்கும் ஒரே மாதிரி பித்தளைக் கைப்பிடி வாங்கிவந்து போட்டேன். இழுப்பறைகள் ஏறுக்கு மாறாக இறுகி இருந்தன. எது எந்தப் பொந்தில் வழுக்கிக்கொண்டு போகிறதோ அங்கே மாற்றிப் பொருத்தினேன். வெண்ணெய் மாதிரி ஓடின.

ஒவ்வொரு இழுப்பறையின் முகப்பிலும் அடி விளிம்பில், இடது ஓரத்தில், கத்தியால் போட்ட வெட்டுகள் இருந்தன. ஒன்றில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, இப்படி ஆறு வரைக்கும். நான் எண்ணிக்கூடப் பார்த்தேன். எது எங்கே போக வேண்டும் என்று செய்த ஆசாரி அடையாளம் போட்டிருப்பான், இனி அது எதற்கு என்று நினைத்தேன். மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து அத்தனையையும் அடைத்தேன். காய்ந்ததும் நுண் உப்புத்தாள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. பேஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அரக்குப் பாலிஷ். பஞ்சைத் துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாக, காயக் காய ஏழெட்டுத் தடவை. துணியில் கொட்டி வைத்ததையெல்லாம் என் மனைவி தோன்றியபடி இழுப்பறைகளில் அள்ளி வைத்தாள். கண்ணாடியை மட்டும் சட்டத்திலிருந்து கழற்றி, ரசம் பூசுவதற்காக டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றவர் சனிக்கிழமை என்றுவிட்டார். அவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். ஒரு நாள்தானே, சொல்லிக்கொள்ளலாம் என்று வெறும் சட்டத்தை நிமிர்த்தி வைத்தேன். சட்டத்துக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது.

அவர்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டெலிபோனம்மா நின்றுவிட்டார். மூக்கை லேசாகத் தூக்கினார்.

"என்ன வாசம் இது?"

"ஸ்பிரிட்டு வாசமுங்கம்மா. உள்ள வந்து பாருங்க. உங்க மேசையப் புதுசு பண்ணிப்போட்டேன்" என்றேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் வெளுத்ததை நான் சந்தோஷத் திகைப்பு என்று நினைத்தேன். உள்ளே நடந்து வந்து மேசையின் மேல்பலகையில் உள்ளங்கையை வைத்தார். மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் தடவினார்.

"கண்ணாடியாட்டம் இருக்குது கண்ணு" என்றார்.

தம்பி வாசற்படியில் பையோடு நின்றுகொண்டிருந்தார். "அருமையாச் செஞ்சிருக்கறாருக்கா" என்றார் உண்மையாகவே.

"தம்பி, மாத்திரை வேளை ஆச்சு. போட்டுப்போட்டு உனக்குக் காப்பி வெக்கறேன்" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தார். வலதுகை தானாகக் கீழே போனது. குமிழைத் தேடிய விரல்கள் பித்தளையில் பட்டு ஒரு கணம் நின்றன. பிறகு இழுப்பறையின் அடி விளிம்புக்குப் போயின. இடது ஓரத்தில் தடவின. மறுபடி தடவின. அடுத்த இழுப்பறைக்குப் போய் அங்கே தடவின. அதற்கடுத்ததுக்கு. எங்கும் தட்டவில்லை. நான்தான் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேனே.

அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் சிரிப்பு நின்றது. ஒரு இழுப்பறையைத் திறந்தார். ஊசிகள் இருந்தன. மூடினார். இன்னொன்றைத் திறந்தார். தாள்கள். "எல்லாத்தையும் மாத்தி வெச்சுப்போட்டயா கண்ணு" என்று சிரித்தார். என் மனைவி ஓடிவந்து, "நான் எடுத்துத் தாரனுங்க்கா" என்றாள். "வேண்டாம் அம்மணி, நானே எடுத்துக்கறேன்" என்றார். அப்போது அவர் குரல் எக்ஸ்சேஞ்சுக் குரலாக இல்லை.

தம்பி பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி உள்ளே வந்தார். அந்தக் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதோரம் முடியை ஒதுக்கினார். முகத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏந் தம்பி, இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்றார், நேரே முன்னால் பார்த்து. "கண்ணாடியில பாத்தாலே தெரியுது."

முன்னால் வெறும் சட்டமும் சுண்ணாம்புச் சுவரும்தான் இருந்தன.

தம்பி என்னைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து போய் அக்காவின் தோளில் கை வைத்தார். "அக்கா" என்றார். "அதுல கண்ணாடி இல்லீங்க்கா."

டெலிபோனம்மா கையை நீட்டினார். அந்தக் கை சட்டத்துக்குள்ளே போய், எதிலும் படாமல், சுவரில் பட்டது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் முப்பது பேரை மேய்க்கிற அந்த மனுஷர் தரையில் உட்கார்ந்து, அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்.

கண்ணில் அழுத்த நோயாம். ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, நாங்கள் குடிவந்தபோது நடுவில் ஒரு காசு அளவுதான் மிச்சம் இருந்ததாம். அதுவும் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இனி வராது என்று டாக்டர் முன்னமே சொல்லிவிட்டார். ஆட்டோக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரியும், பென்ஷன் ஆபீசுக்கு என்று சொல்லிவிட்டு அவரோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறார். தாராபுரத்தில் மணிக்கட்டு வலியைச் சாக்கு வைத்து யார் கையையாவது பிடித்துக்கொண்டே சமாளித்திருக்கிறார். பார்வை இருந்த நாளிலேயே, போகப்போகிறது என்று தெரிந்து, காய் நறுக்குகிற கத்தியால் அந்த வெட்டுகளைப் போட்டிருக்கிறார். ஒரு வெட்டு காலை மாத்திரை. இரண்டு வெட்டு ராத்திரி மாத்திரை. நூல்கட்டை வைத்தது வீட்டுச் சாவி.

அன்று பொழுது சாய்ந்ததும் நான் அவர் அறை வாசலில் போய் நின்றேன். "அம்மா" என்றேன்.

"கேட்டிருக்கலாமுல்ல கண்ணு" என்றார். அவ்வளவுதான். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். திட்டியிருக்கலாம். வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி இரண்டு நாள் தங்கவில்லை. மறுநாளே பெட்டியைக் கட்டினார். டெலிபோனம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை அவர். அவர்கள் போன பிறகு ரசம் பூசிய கண்ணாடியை வாங்கிவந்து மாட்டினேன். பூட்டிய அறையில் அது யாருக்கும் பிரயோஜனமில்லாமல் மினுங்கிக்கொண்டு நின்றது. ஆறு மாதத்தில் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் மேசையையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொண்டார். பாலிஷ் ரொம்ப நன்றாக இருந்ததாம். நாங்கள் சிங்காநல்லூருக்குக் குடிபோனோம்.

அவரைப் போய்ப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் தைரியம் வரவில்லை. ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் மனைவிதான், "இன்னிக்குப் போகலீன்னா நீங்க என்னிக்கும் போகமாட்டீங்க" என்று விலாசத்தைக் கையில் திணித்து அனுப்பினாள்.

தம்பி ஊரில் இல்லை. அவருடைய மனைவி முகம் மலர வரவேற்றார். "அண்ணியக் கேட்டு யாருமே வாரதில்லைங்க. வாங்க, வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். நடுவறையில் மெத்தை போட்ட நாற்காலியில் டெலிபோனம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, வாரிய தலை, பக்கத்தில் ரேடியோ. சதை போட்டிருந்தார். நான் நெருங்கும்போது அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் "கண்ணு" என்று கையை நீட்டினார்.

"நாங்க அண்ணிய ஒரு வேலை செய்ய உடறதில்லைங்க" என்றார் தம்பி மனைவி. "உக்காந்த எடத்துக்கு எல்லாம் வந்துரும். அவிங்களும் ஒண்ணு கேக்கமாட்டாங்க. கொழந்தையாட்டம் இருக்கறாங்க." சொல்லிவிட்டுக் காப்பி வைக்கப் போனார். நல்ல பெண்மணி. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என் மனைவி, பிறகு பிறந்த குழந்தை, பவுண்டரி எல்லாம் டெலிபோனம்மா விசாரித்தார். பழைய வீட்டைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. தட்டில் முறுக்கு வந்தது. தின்று முடித்ததும், "கையக் கொஞ்சம் புடி கண்ணு, கழுவிட்டு வந்தரலாம்" என்றார்.

கை கழுவுகிற தொட்டி எதிர்ச் சுவரில், நாலெட்டில் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "ரெண்டு வருஷமாச்சுங்களே அம்மா. உங்களுக்கா இந்த நாலடி தெரியாதுங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், சமையல்கட்டுக்குக் கேட்காதபடி.

"தெரிஞ்சுக்க எனக்கு ஒரு நாளு போதும் கண்ணு. தெரிஞ்சுக்கிட்டா அப்பறம் இது என்ற ஊடுன்னு ஆயிரும். வேண்டாம்."

எழுந்தார். நான் கையைப் பிடித்தேன். தடுக்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டே அடி அடியாக நடத்திப்போனேன். அவர் காலை எங்கே வைக்கிறோம் என்ற கவலையே இல்லாமல், நான் இழுத்த பக்கமெல்லாம் வந்தார்.